குவாத்லூப் தீவுக்குக் கொட்டகலையில் அடித்த சாவுமேளம்

போன மாதம் தொலைக்காட்சியில் ஒரு தோட்டத்து நாடகம் பார்த்தேன். கொழுந்து எடுக்கும் பெண்ணொருத்தி கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து, மதராஸ் சினிமாவில் பேசுகிற மாதிரிப் பேசினாள். கூடை முதுகில் தொங்கும், அதன் கயிறு தலையில் இருக்கும் என்று ஒரு தடவை மலைக்கு வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் கத்திய கத்தலில் என் மனைவி எழுந்து போய்ப் பெட்டியை அணைத்தாள். உங்க காலத்துல மட்டும் எல்லாம் ஒழுங்கா நடந்துச்சாக்கும் என்றும் கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தான்.

அந்த நாடகத்தைச் செய்த பையனுக்கு நான் கத்தியது எப்படியோ எட்டிவிட்டது. ஒரு நாள் வீட்டுக்கு வந்தான். கோபிக்கவில்லை. வேறு ஊரை, வேறு சனத்தை ஒலிபரப்பில் காட்டும்போது எப்படிச் சரிபார்ப்பீர்கள், அதை எழுதித் தாருங்கள் என்றான். நான் வானொலியில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன். எழுதுவதற்குப் பெரிய சாத்திரம் ஒன்றும் கிடையாது. ஒரு தீவைப் பற்றி நாங்கள் செய்த ஒரேயொரு நிகழ்ச்சி இருக்கிறது. அதைச் சொல்கிறேன், வேண்டியதை அவன் எடுத்துக்கொள்ளட்டும்.

நான் கொட்டகலைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். பள்ளிக்கூடம் முடித்த கையோடு கொழும்புக்குப் போய் வானொலியில் எடுபிடியாகச் சேர்ந்தேன். பிரஜாவுரிமைப் பத்திரம் கையில் இருந்ததால் வேலை கிடைத்தது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அதுவும், அதனால் ஓட்டும் இல்லாதவர்கள்தான் அதிகம். கொஞ்ச காலம் ஒலிநாடா தூக்கினேன். பிறகு நாடகங்களுக்கு மழையும் இடியும் குதிரையும் செய்தேன். அரிசியைச் சுளகில் போட்டு உருட்டினால் மழை, சிரட்டை இரண்டைத் தட்டினால் குதிரை. கடைசியில் வெளியூர்ப் பதிவுக்கு உதவியாளன் ஆக்கினார்கள். இந்தப் படிகளை ஏறியதில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை, கனகசபை ஐயாவிடம் போய்ச் சேர்ந்தேன் என்பதைத் தவிர.

கனகசபை ஐயா நிகழ்ச்சித் தயாரிப்பாளர், சாவகச்சேரிக்காரர். கொழும்பு வெயிலிலும் கோட்டுப் போடுவார். பதிவு தொடங்கும்போது மட்டும் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைப்பார். பலகையில் சப்பாத்துச் சத்தம் கேட்கும் என்பது காரணம். ஆனால் மண் தரையிலும் கழற்றுவார், தேயிலைத் தொழிற்சாலையிலும் கழற்றுவார், ஏன் என்று கேட்கும் தைரியம் எங்களுக்கு இல்லை. ஒரு பதிவு மோசமாக வந்தால் மோசம் என்று சொல்ல மாட்டார். "ஐசே, இன்னொருக்கா எடுப்பம்" என்பார். அந்த "இன்னொருக்கா" ஐந்தாவது முறை வரும்போது ஏசினாலும் பரவாயில்லை போலிருக்கும்.

பெயர்களை உச்சரிப்பதில் அவருக்கு ஒரு முறை உண்டு. செய்தி வாசிப்பவர் ஒருவர் ஆங்கில எழுத்தைப் பார்த்து வட்டவளையை "வாடவாலா" என்று வாசித்ததிலிருந்து அதை எல்லாருக்கும் விதியாக்கிவிட்டார். எந்த ஊர்ப் பெயராக இருந்தாலும் அந்த ஊரில் பிறந்த ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டும். பிடித்தபின் பெயரை மட்டும் சொல்லச் சொல்லக் கூடாது. தனியாகச் சொல்லச் சொன்னால் ஆள் உஷாராகிவிடுவார், படித்தவர்களுக்குச் சொல்வது போலத் திருத்திச் சொல்வார். உங்கள் ஊருக்கு எப்படிப் போவது, அங்கே மழை எப்படி, கலியாணம் எங்கே வைப்பீர்கள் என்று பேச்சுக் கொடுக்க வேண்டும். பேச்சுக்குள் பெயர் தானாக வந்து விழும். விழுந்ததை எழுதிக்கொள்ள வேண்டும். ஆள் சொன்னது அகராதிக்கு மாறாக இருந்தால் அகராதியை மூடிவிட வேண்டும்.

அறுபதுகளின் தொடக்கத்தில், கடல் கடந்து போன தமிழர்களைப் பற்றி வாரம் ஓர் அரைமணி நேர நிகழ்ச்சி ஐயாவின் பொறுப்பில் வந்தது. பர்மா, மலாயா என்று தெரிந்த ஊர்கள் முடிந்தபின், கரீபியன் கடலில் பிரெஞ்சுக்காரர் வைத்திருந்த ஒரு தீவுக்கு வந்து சேர்ந்தோம். காரைக்காலிலிருந்து கரும்பு வெட்டக் கப்பலேற்றிய சனம் அங்கே இருக்கிறது என்று ஒரு புத்தகத்தில் இருந்தது. கொழும்பு எழுத்தாளர் ஒருவர் அதை வைத்து எழுதிக் கொடுத்தார். தீவின் பெயரை நாங்கள் ஆளுக்கொரு விதமாக வாசித்தோம். நான் "குவாடலூப்பே" என்றேன். ஐயா பிரதியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, அந்தத் தீவு ஆள் ஒருவர் வேண்டும் என்றார். அறைக்குள் எல்லாரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. எனக்கு அப்படி ஒருவரைத் தெரியும். என் அக்கா பிரசவத்துக்குப் போன ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கும் கன்னியாஸ்திரி ஒருவர் இருந்தார். பார்த்தால் திருச்சிப் பக்கத்துப் பெண் மாதிரி இருப்பார். ஆனால் எங்கேயோ கரும்புத் தீவில் பிறந்து, பிரான்சில் படித்து, மடத்தால் இங்கே அனுப்பப்பட்டவர். தமிழ் ஒரு சொல் தெரியாமல் வந்தாராம். பிள்ளை பெற வந்த எங்கள் பெண்களிடம் கற்றுக்கொண்டதால் அசல் தோட்டத்துத் தமிழ் பேசுவார். மார்த் என்று பெயர், எங்கள் சனத்துக்கு மார்த்தம்மா.

ஐயாவும் நானும் ரயிலேறி ஹட்டனில் இறங்கிப் போனோம். குளிருக்கு ஐயா கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்தார். மடத்து முன்னறையில் மார்த்தம்மா வந்து உட்கார்ந்தார். அவருக்குத் தமிழ் வாசிக்க வராது, அதனால் பிரதியை நானே வாசித்துக் காட்டினேன். நாதஸ்வரம் முழங்க, கன்னியர் கும்மியடிக்க, பைந்தமிழ் மக்கள் மாரியன்னைக்கு விழா எடுத்தனர் என்று போகும் அது. முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

"யாருங்க இவங்கள்லாம்?" என்று கேட்டார். "நல்லாத்தான் இருக்காங்க. ஆனா எங்க ஆளுங்க இல்லைங்களே."

ஐயா பிரதியை என்னிடமிருந்து வாங்கி மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு, உங்கள் ஊரில் மழை எப்படி என்று ஆரம்பித்தார். புயல், கரும்பு எரிக்கும் புகை, தாத்தா வீட்டு முற்றத்துக் கம்பம் என்று பேச்சு நீண்டது. தீவின் பெயர் வந்தது: குவாத்லூப். "பே" என்ற வாலே இல்லை. தாத்தா பூசாரி. மலியேமேனுக்கு ஆடு வெட்டுவார், பக்கத்தில் காவலுக்கு மல்தேவிலேன் நிற்பார். எனக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. மாரியம்மன், மதுரைவீரன். இரண்டும் எங்கள் தோட்டத்துக் கோயிலில் இருக்கிற சாமிகள்தான், கப்பலேறிப் போய் வேறு வாயில் வளர்ந்திருக்கின்றன. அங்கே பிறந்தவர்களுக்கு அந்தப் பெயர்களுக்குத் தமிழில் என்ன பொருள் என்று தெரியாது, தெரியாமலே தலைமுறை தலைமுறையாகக் கும்பிடுகிறார்கள் என்றார் மார்த்தம்மா. ஐயா சிவப்பு மையால் மலியேமேன், மல்தேவிலேன் என்றே எழுதிக்கொண்டார். கொழும்பில் பிரதி எழுதியவர் பிறகு அதை அடித்து மாரியம்மன் என்று திருத்தினார். ஐயா திரும்பவும் அடித்து மலியேமேன் ஆக்கினார். அந்தத் தாளை நான் பார்த்தேன், கோழி கிளறிய மாதிரி இருந்தது.

என்ன வாத்தியம் வாசிப்பார்கள் என்று ஐயா கேட்டார். மார்த்தம்மா மேசை விளிம்பில் விரலால் தட்டிக் காட்டினார். இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, பிறகு ஒரு தட்டு. மெதுவாக. எனக்கு அந்த அடி தெரியும். அது நாங்கள் தப்பு என்கிற பறையை அடிக்கும் முறைதான், ஆனால் சாமிக்கு அடிப்பதல்ல. எங்கள் தோட்டங்களில் பாடை போகும்போது அடிப்பது.

ஐயாவுக்கு அது தெரியவில்லை, அவர் ஊரில் சாவுக்குப் பறை வேறு விதமாக அடிப்பார்கள். நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். மார்த்தம்மா தலையாட்டினார். தனக்கும் தெரியும் என்றார். இங்கே வந்த புதிதில் ஒரு நாள் ரோட்டில் அந்தச் சத்தம் கேட்டதாம். நம்ம ஆட்கள் எங்கேயோ சாமி கும்பிடுகிறார்கள் என்று சந்தோஷப்பட்டு வாசலுக்கு ஓடியிருக்கிறார். பார்த்தால் பாடை போகிறது.

அங்கே மட்டும் ஏன் அப்படி என்று ஐயா கேட்டார். மார்த்தம்மா தாத்தா சொன்ன கதையைச் சொன்னார். எல்லாத் தோட்டத்திலும் இப்படித்தானா என்று தனக்குத் தெரியாது, தங்கள் கரும்புத் தோட்டத்தில் இப்படி என்றுதான் சொன்னார். சாமி கும்பிட்ட மறுநாள் சனம் வேலைக்கு வருவதில்லை என்று அங்கத்துத் துரை மேளத்தைத் தடை செய்துவிட்டான். சாவுக்கு மட்டும் அடிக்கலாம் என்று விட்டான். அந்தக் காலத்தில் சாவுக்குப் பஞ்சமில்லை. அதனால் இவர்கள் கரும்புக்குள்ளே மலியேமேனை வைத்துக் கும்பிடும்போது சாவுமேளத்தை அடித்தார்கள். பங்களாவில் இருப்பவன் கேட்டால் ஒரு கூலி செத்தான் என்று நினைத்துக்கொண்டு படுத்துவிடுவான். பிறகு தடை போய்விட்டது, மேளம் மாறவில்லை. அந்த அடி கேட்டால்தான் சாமி வரும் என்று ஆகிவிட்டது.

"எங்க ஆளுங்களுக்கு அப்ப ஓட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார்.

"எங்களுக்கு இப்பவும் இல்லைங்க" என்றேன். ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஐயாவுக்கும் முதலில் அது உவக்கவில்லை என்பதை மறைக்கக் கூடாது. விழாக் காட்சியில் சாவுமேளம் போட்டால் கேட்கிற சனம் ஆரோ செத்துப்போச்சினம் என்று நினைக்குமே, விழாவுக்கு அடிக்கிற அடியையே போட்டுவிட்டு, அறிவிப்பில் ஒரு வரி விளக்கம் சொன்னால் போதாதா என்று பணிவாகத்தான் கேட்டார். மார்த்தம்மா கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"நல்ல அடியா மாத்திட்டீங்கன்னா, எங்க ஆளுங்க சந்தோஷமா கும்பிட்டாங்கன்னு ஆயிருங்க. ஒளிஞ்சி கும்பிட்டது இல்லாமப் போயிரும். அப்புறம் நான் சொன்னதும் வேணாங்க, எடுத்துருங்க."

அவர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் அவருக்கு இது எவ்வளவு பெரிது என்பது எங்களுக்குத் தெரியும். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கன்னியாஸ்திரிகள் வேண்டாம் என்று முடிவாகிக்கொண்டிருந்த காலம் அது. பங்குனியில் அவர் கப்பலேற வேண்டும். போகும் இடமும் அவர் பிறந்த தீவல்ல, ஆப்பிரிக்காவில் எங்கேயோ. நாங்கள் வருமுன்பே தாத்தா கும்பிட்ட விதத்தைச் சொல்ல மடத்தில் அனுமதி கேட்டபோது, மடத்துத் தலைவியான மதர் ஒரு வாரம் யோசித்து வானொலியில் ஒரேயொரு முறை பேசலாம் என்று விட்டிருந்தார். சாமியின் பெயர்களைச் சொல்லலாம், பாடக் கூடாது. இதை விட்டால் அந்தத் தாத்தாவைப் பற்றி யாரும் எங்கேயும் பேசப்போவதில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் ஐயா வட்டவளை வரை சிவப்பு மைக் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு, உங்கட தோட்டத்தில் தப்பு அடிக்கிற ஆள் ஆர் என்று கேட்டார்.

பழனியாண்டியண்ணன்தான் என்றேன். பகலில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுவார், கோயிலுக்கும் கலியாணத்துக்கும் சாவுக்கும் அவருடைய ஆட்கள்தான் அடிப்பார்கள். ஆள் கொஞ்சம் முறைப்பு. தப்புக்காரன் என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார், பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அடுத்த ஞாயிறு அவரைப் போய்ப் பார்த்தோம். கோயில் தலைவரும் வந்து நின்றார். வானொலி என்றதும் முகம் மலர்ந்த பழனியாண்டி, எந்த அடி வேண்டும் என்று நான் சொன்னதும் எழுந்துவிட்டார்.

"அது முடியாதுங்க. ஆளு சாகாம சாவுமேளம் அடிச்சா, மேளம் ஆளைத் தேடும்."

தலைவரும் அதைத்தான் சொன்னார். லயத்தில் பிள்ளைத்தாய்ச்சிகள் இருக்கிறார்கள், காய்ச்சலில் கிழவர்கள் கிடக்கிறார்கள், ரேடியோக்காரர் அடிக்கச் சொல்லிவிட்டுக் கொழும்புக்குப் போய்விடுவார், நாளைக்கு ஏதாவது ஒன்று ஆனால் சனத்துக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. எனக்கே அந்த அடியைச் சும்மா கேட்கத் தைரியம் இல்லை. நான் வளர்ந்த லயம் அது.

கொழும்பில் இதைச் சொன்னதும் பிரதி எழுதியவர் சுலபமாக ஒரு வழி சொன்னார். நிலையத்தில் இருக்கிற இசைத்தட்டுகளில் ஏதாவது பறை மேளத்தை எடுத்து ஓட்டிவிடலாம், கரீபியன் தீவில் என்ன அடிக்கிறார்கள் என்று இங்கே எவனுக்குத் தெரியும் என்றார். அந்த ஆள் கெட்டவர் அல்ல, வேலை முடிய வேண்டுமென்பது அவர் கவலை. இசைத்தட்டும் வேண்டாம், கும்மியும் வேண்டாம், அந்த வாரம் வேறு நிகழ்ச்சி போகட்டும் என்று ஐயா தள்ளிவைத்தார். மேலதிகாரி கூப்பிட்டு விசாரித்தார். உள்ளே என்ன பேச்சு நடந்ததோ, வெளியே வந்த ஐயாவின் காது மடல் சிவந்திருந்தது.

அடுத்த ஞாயிறு ஐயா திரும்பவும் என்னைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். இந்த முறை பதிவுப் பெட்டி இல்லை, ஒலிநாடா இல்லை. பழனியாண்டி வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். தேத்தண்ணி வந்தது, குடித்தார். மார்த்தம்மாவின் கதையை, கரும்புக்குள் ஒளிந்து கும்பிட்டதை, யாழ்ப்பாணத் தமிழில் ஆற அமரச் சொன்னார். பாதி பழனியாண்டிக்கு விளங்கியிருக்காது என்று நான் இடையிடையே சொல்லிக்கொடுத்தேன். கடைசியில் ஐயா கேட்டார்:

"உங்களை நான் வற்புறுத்த வரேல்லை, பழனியாண்டி. ஒண்டு மட்டும் கேக்கிறன். ஆள் சாகாமல் இதை அடிக்கிற நாள் உங்களுக்கு வருசத்திலை ஒண்டும் இல்லையோ?"

பழனியாண்டி இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். சொல்லவில்லை. தலைவரைக் கூட்டிவர ஆள் அனுப்பினார். தலைவர் வந்ததும் இருவரும் வெளியே நின்று பேசினார்கள். காமன் என்ற சொல் என் காதில் விழுந்ததும் எனக்கும் விளங்கிவிட்டது. எங்கள் மலையில் பிறந்தும் இதை மறந்துபோனேனே என்று வெட்கமாக இருந்தது.

மாசி மாதம் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும். வளர்பிறையில் கம்பம் நட்டு, ரதியும் மன்மதனும் வேஷம் கட்டி வீடு வீடாக ஆடி, பௌர்ணமியில் சிவன் நெற்றிக்கண்ணால் காமனை எரிக்கும் கட்டத்தோடு உச்சத்துக்கு வரும். எரித்தபின் அது கூத்து இல்லை, எழவு. ரதி ஒப்பாரி வைப்பாள், பெண்கள் கூடச் சேர்ந்து அழுவார்கள், தப்பு சாவுக்கு மாறும். மூன்றாம் நாள் காமனை எழுப்பிச் சடங்கு முடிக்கும்வரை தோட்டத்துக்கே துக்கம்தான்.

"செத்தது சாமியா இருந்தாலும் சாவு சாவுதாங்க" என்றார் பழனியாண்டி. "எழுப்புறதுக்குள்ள அடிச்சிக்கலாம். மேளத்துக்கு ஆளு இருக்கு."

மார்த்தம்மா கப்பலேறுவதற்குள் காமன் எரிந்துவிடுவான். தேதியைக் கேட்டு, மதரிடம் மறுபடி அனுமதி வாங்கி, தோட்டத்துத் துரைக்கும் எழுதி ஒப்புதல் எடுத்தோம்.

காமன் எரிந்த மறுநாள் பகலில் பதிவு. மழை இல்லை, பனி மட்டும் மேட்டில் உட்கார்ந்திருந்தது. காமன் பொட்டலில் சாம்பல் இன்னும் சூடாக இருந்தது. பதிவைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், பையன் கேட்டது இதைத்தான். முதலில் மேளமும் பேச்சும் இல்லாமல் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் ஒரு நிமிஷம் எடுத்துவைக்க வேண்டும். காற்று, தூரத்து ஆறு, லயத்துக் கோழி எல்லாம் அதில் இருக்கும். பிறகு நாடாவை வெட்டி ஒட்டுப்போடும்போது உதவும். தப்பைத் தீயில் காய்ச்சினால்தான் தோல் இறுகிப் பேசும், ஆனால் நெருப்பின் படபடப்பு நாடாவில் விழும். அதனால் சுள்ளியைத் தள்ளி எரித்து, காய்ந்த தப்பைக் கொண்டுவந்து ஆறுவதற்குள் அடித்து முடிக்க வேண்டும். மைக்கைத் தப்புக்கு நேரே வைத்தால் அடி அறைந்தாற்போல விழும், ஆள் முதுகுப் பக்கம் வைத்தால் உடம்பில் பட்டு வரும். ஐயா முதுகுப் பக்கம் வைக்கச் சொன்னார். மார்த்தம்மாவுக்கு வேறு மைக், வாய்க்கு நேரே இல்லாமல் கன்னத்துக்கு ஓரமாக.

எங்கள் ஊர் முறைப்படி, சாவுமேளம் தொடங்கும்முன் செத்தவர் பெயரைக் கூவிச் சொல்லித்தான் தொடங்குவார்கள். பழனியாண்டி காமராசா என்று கூவினார், அடி விழுந்தது. மார்த்தம்மா பேசினார். மலியேமேன் என்றார், மல்தேவிலேன் என்றார், இன்னும் எனக்குப் புரியாத மூன்று நான்கு பெயர்களும் சொன்னார். பாடவில்லை, கணக்கொப்புவிப்பது போல ஒவ்வொன்றாகச் சொன்னார். பாதியில் கொட்டகலைப் பக்கம் ரயில் ஊதியது. ஐயா கையைத் தூக்கினார். மீண்டும் தீ, மீண்டும் தப்பு, இரண்டாம் முறை சுத்தமாக வந்தது. ஐயா இன்னொருக்கா என்று சொல்லவில்லை.

நிகழ்ச்சி அடுத்த மாதம் போனது. யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துப் பலர் வானொலியின் சத்தத்தைக் கூட்டிவைத்துக் கேட்டார்களாம். கேட்டபின் அந்தத் தீவுக்காரருக்காக வருந்தினார்களாம். மார்த்தம்மா அப்போது கப்பலில் இருந்தார், அதைக் கேட்கவே இல்லை. அந்த நாடா பிறகு என்ன ஆனதென்று எனக்குத் தெரியாது. பையன் அதைத் தேடிப்பார்க்கிறேன் என்றான். கிடைத்தாலும் நான் இப்போது சொல்லப்போவது அதில் இருக்காது.

பதிவு முடிந்து நான் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தேன். பழனியாண்டி மார்த்தம்மாவிடம் வந்து, ஒங்க தாத்தா செத்தப்ப இதை அடிச்சாங்களா தாயி என்று கேட்டார்.

இல்லை என்றார் மார்த்தம்மா. அம்மா கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த பிறகு தாத்தாவுக்கும் கடைசிக் காலத்தில் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்களாம். மாதா கோயில் மணி அடித்து அடக்கம் செய்தார்களாம். தாத்தாவோடு தப்பு அடித்தவர்கள் வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள், அம்மா வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அப்போது தனக்குப் பன்னிரண்டு வயது, சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். அம்மாவைக் குறை சொல்லவில்லை. அவர்கள் தப்பைத் தூக்கிக்கொண்டு கரும்பு ரோட்டில் திரும்பிப் போனதை மட்டும் சொன்னார்.

பழனியாண்டி சாம்பலைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப அவருக்கு இன்னும் அடிக்கலைங்க" என்றார். திரும்பித் தன் ஆட்களிடம் தப்பைக் காய்ச்சச் சொன்னார். தலைவர் மறுக்கவில்லை. மேளத்துக்கு ஆள் இருந்தது. "தாத்தா பேரு என்னாங்க தாயி?"

"விராப்பேன்."

"வீரப்பனுங்களா?" என்று மேளக்காரரில் ஒருவர் கேட்டார்.

"கப்பல் ஏறுறப்ப வீரப்பனா இருந்திருப்பாரு. எனக்குத் தெரிஞ்சவரு விராப்பேன்தாங்க."

நான் அவசர அவசரமாகப் பெட்டியைத் திறந்தேன். ஐயா குனிந்து மூடியின் மேல் கையை வைத்தார். "வேண்டாம் ஐசே. இது எங்களுக்கில்லை" என்றார். மப்ளரைக் கழுத்திலிருந்து எடுத்துக் கையில் மடித்து வைத்துக்கொண்டார்.

பழனியாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டு, குவாத்லூப் விராப்பேன் என்று மூன்று முறை கூவினார். மார்த்தம்மா சொன்ன மாதிரியே சொன்னார், கடைசி எழுத்தை மூக்கால் இழுத்து. பிறகு அடி விழுந்தது. இரண்டு தட்டு, இடைவெளி, ஒரு தட்டு. லயத்துப் பெண்கள் வந்து எட்டி நின்றார்கள். அவர்களில் பலருக்குப் பிரசவம் பார்த்தவர் அழுதுகொண்டு நிற்பதைக் கண்டதும், யார் செத்தது என்று கேட்காமலே சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கும் அழுகை வந்தது, ஏன் மறைக்க வேண்டும்.

பாடை தூக்குவதற்கு முன்னால் மேளத்தை நிறுத்தி, தூரத்துச் சொந்தம் வந்து சேர்ந்ததா என்று செத்த வீட்டாரிடம் கேட்டுவிட்டுத்தான் மறுபடி அடிப்பார்கள். பழனியாண்டி அதையும் விடவில்லை. கையை உயர்த்தி மேளத்தை நிறுத்தினார்.

"சொந்தக்காரங்க யாரும் இன்னும் வரணுங்களா தாயி?"

மார்த்தம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இல்லண்ணே. நான் வந்துட்டேன்."